பூக்கோசுச் சாதமும் நீரின் கணக்கும்

அரிசியையும் துருவிய பூக்கோசையும் தனித்தனிப் பாத்திரங்களில் இட்டு, இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் விட்டு, ஒரே அடுப்பில் ஒரே நேரம் வேகவைத்து இறக்கிப் பார்த்தால், அரிசியானது தன்மேல் விட்ட தண்ணீரையெல்லாம் குடித்துப் பருத்து, பொலபொலவென்று சாதமாகி நிற்க, பூக்கோசோ விட்ட தண்ணீரில் ஒரு துளியையும் ஏற்காமல், தன்னிடம் முன்பே இருந்ததையும் அதில் கக்கிவிட்டுக் கஞ்சிப் பதத்தில் குழைந்து கிடக்கும். உடல் பருமனைக் கருதியோ நீரிழிவின் பொருட்டோ சாதத்தைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லிவிட, காலிபிளவர் என்று கடைத்தெருவில் வழங்கும் இந்தப் பூக்கோசைத் துருவி இலையில் இடத் துணிந்த எத்தனையோ குடும்பங்களில் அந்த முயற்சி ஓரிரு நாட்களோடு நின்றுபோவதற்கு, வீட்டாரின் நாவைக் குறை சொல்வது நியாயமாகாது. அரிசி சமைக்கும் முறையை அப்படியே ஒரு காய்க்குப் பிரயோகித்ததன் பலன் அது. நிறத்திலும் மணியின் அளவிலும் ஒன்றையொன்று ஒத்துக் காணும் இவ்விரண்டு பதார்த்தங்களும் நீர் விஷயத்தில் நேர் விரோதமான சுபாவம் உடையவை. அதை அறிந்துகொண்டால் சமையல் சரிப்படுவதோடு, பூக்கோசில் கலோரி ஏன் அவ்வளவு குறைவு என்ற கேள்விக்கும், பலர் எண்ணியிருப்பதற்கு மாறான ஒரு விடை கிடைக்கும்.

அரிசி என்பது ஒரு விதை. முளைத்துவரும் இளம்பயிர் தன் இலையால் சூரிய ஒளியைப் பற்றத் தொடங்கும்வரை உண்டு பிழைப்பதற்காகத் தாய்ப்பயிர் கட்டிவைத்த ஆகாரமே அதனுள் இருப்பது. நாட்பட்டும் கெடாமல் இருக்கவேண்டிய சேமிப்பாதலால் அதில் நீர் அற்பமே: 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 12 கிராம். எஞ்சியதில் பெரும்பகுதி மாவுச்சத்து. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய துகள்களாக அது செல்களுக்குள் இறுக அடைபட்டிருக்கிறது. பச்சைத் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறினாலும் இத்துகள்கள் சிறிதளவே நீரை ஏற்கும். ஆனால் உஷ்ணம் 60 பாகை செல்சியஸைக் கடந்து 80 பாகையை அடைவதற்குள், உள்ளே ஒழுங்காக அடுக்கியிருந்த சங்கிலிகளின் பிடி தளர்ந்து, அந்த இடைவெளிகளில் நீர் புகுந்து, ஒவ்வொரு துகளும் பன்மடங்கு பருத்துப் பசையாகிவிடுகிறது. இதனை 'மாவு பசையாதல்' என்று சொல்லலாம். கூழ் கெட்டிப்படுவதும், கஞ்சி போட்ட வேஷ்டி விறைப்பதும் இந்த மாறுதலின் விளைவுகளே. இவ்வாறு ஆன பிறகு 100 கிராம் சாதத்தில் நீர் 68 கிராமாகிவிடுகிறது. ஆகவே சாதம் சாப்பிடுகிறோம் என்று நாம் சொல்லும்போது, உண்மையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரைத்தான் பிசைந்து உண்கிறோம்.

பூக்கோசின் கதை வேறு. முட்டைக்கோசு, நூல்கோல், புரோக்கோலி, பூக்கோசு ஆகிய யாவும் பிராசிக்கா ஒலரேசியா என்னும் ஒரே தாவர இனத்தில், மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் உண்டான வெவ்வேறு வடிவங்கள். ஒன்றில் இலை பெருத்தது. ஒன்றில் தண்டு பருத்தது. பூக்கோசிலோ, பூக்கவேண்டிய கொத்து பூவாக முடியாமல் நின்றுவிட்டது. செடியின் எந்த நுனியில் புதிய செல்கள் ஓயாமல் பிறக்கின்றனவோ அந்தப் பகுதியை ஆக்குத்திசு என்பர். பூக்கோசின் வெள்ளைத் தலை முழுவதும் இத்தகைய ஆக்குத்திசுக்களின் கூட்டமே. பிரான்சுவா பார்சி, கிறிஸ்தோப் கோதென் முதலிய பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2021-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' சஞ்சிகையில் இதன் காரணத்தை விளக்கினார்கள். ஒவ்வொரு நுனியும் பூவாக மாறத் தொடங்கி, அதை முடிக்கும் ஆற்றலின்றித் தோற்றுப்போய், மறுபடியும் தண்டாக வளரப் பார்க்கிறது. எனினும், சிறிது நேரம் பூவாக இருந்ததன் தடம் அதில் நீங்குவதில்லை. அதனால் இலை விடாமலே பக்கத்தில் புதிய நுனிகளைப் பிறப்பிக்கிறது. அவையும் அவ்வாறே தோற்கின்றன. கொத்துக்குள் கொத்தாக, எத்தனை சிறிதாகக் கிள்ளினாலும் அதே வடிவம் தோன்றும் அந்த விசித்திரம் இவ்வாறு அமைந்தது.

சமையற்காரருக்கு இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்கலாம். உண்டு. இளஞ்செல்களால் ஆனதாகையால் பூக்கோசின் தலையில் மரத்துப்போன நார் இல்லை. செல்களின் சுவர்கள் மெல்லியவை. நீண்ட குழாய் நரம்புகளும் தண்டுப் பகுதியோடு நின்றுவிடுகின்றன. துருவியில் தேய்த்தால் அது இழை இழையாகப் பிரியாமல் மணி மணியாக உதிர்வதன் காரணம் இதுதான். முட்டைக்கோசைத் துருவினால் கிடைப்பது இழை. அது பொரியலுக்கு ஏற்றது, சாதத்துக்கு ஆகாது. நூல்கோல் இளசாக இருந்தால் ஒருவாறு பொருந்தும். வெண்பூசணியைக் கொண்டு முயல்வது வீண் வேலை. விதையைப் போலச் சேமித்து வைக்கப்பட்டதல்லாமல், வளர்ந்துகொண்டிருக்கும்போதே அறுத்தெடுக்கப்பட்ட உறுப்பாதலால், பூக்கோசின் 100 கிராமில் 92 கிராம் நீர் ஏற்கனவே நிறைந்திருக்கிறது. நிறைந்த பாத்திரத்தில் மேலும் ஊற்ற இடமேது?

இனிக் கலோரிக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோகிராம் தண்ணீரின் உஷ்ணத்தை ஒரு பாகை உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே உணவு சாஸ்திரத்தில் கலோரி எனப்படுவது. பிராணவாயு நிரப்பிய கெட்டியான உலோகக் கலத்துக்குள் ஓர் உணவைப் பொசுக்கி, கலத்தைச் சூழ்ந்த தண்ணீர் எத்தனை பாகை சூடேறிற்று என்று பார்த்தால், அந்த உணவில் அடங்கிய வெப்பம் தெரிந்துவிடும். இம்முறை சுலபமானதுதான், ஆனால் இதை மாத்திரம் நம்பினால் பெரிய விபரீதம் நேரும். பஞ்சு என்பது ஏறக்குறையச் சுத்தமான செல்லுலோஸ். ஒரு கிராம் பஞ்சும் ஒரு கிராம் அரிசிமாவுச் சத்தும் கலத்தில் எரிந்து தரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆயினும் பஞ்சைத் தின்று பசியாறியவர் எவருமில்லை.

நெருப்பு எரிப்பதும் உடல் எரிப்பதும் எங்கே வேறுபடுகின்றன என்பதை அளந்து காட்டியவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்பர் ஆட்வாட்டர் என்னும் ரசாயன ஆசிரியர். எட்வர்ட் ரோசா என்னும் பௌதிக ஆசிரியரின் துணையோடு, ஓர் ஆள் தங்கக்கூடிய சிறு அறையைக் காற்றுப் புகாதபடி கட்டி, அதனுள் ஒருவரை நாட்கணக்கில் வசிக்கச் செய்து, அவர் உடல் வெளியிடும் வெப்பத்தைக் குழாய்களில் ஓடும் தண்ணீரைக் கொண்டும், அவர் சுவாசத்தை ரசாயனத் தராசைக் கொண்டும் அளந்தார். உள்ளே அனுப்பிய உணவில் ஒரு பங்கைத் தனியே எடுத்து எரித்துப் பார்த்ததுபோலவே, அந்த மனிதரின் கழிவையும் உலர்த்தி எரித்துப் பார்த்தார். போனதிலிருந்து வந்ததைக் கழித்தால் எஞ்சுவது உடல் பெற்றது. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்று இன்றும் பொட்டலங்களின்மேல் அச்சிடும் கணக்கு, அருவருப்பைப் பொருட்படுத்தாத அந்தப் பொறுமையான கழித்தலிலிருந்து பிறந்ததாகும்.

செல்லுலோஸ் ஏன் கழிவோடு போய்விடுகிறது? மாவுச்சத்தும் செல்லுலோஸும், இரண்டுமே குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையின் அணுத்திரள்களை நீளக் கோத்த சங்கிலிகள்தாம். பொருளில் வேற்றுமையில்லை, கோத்த விதத்தில்தான் இருக்கிறது. பூத்தொடுப்பவள் மல்லிகைகளை எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்துத் தொடுத்தால் ஒரு சரம் கிடைக்கும். அதே பூக்களையே ஒன்றை மேல்முகமாகவும் அடுத்ததைக் கீழ்முகமாகவும் மாற்றி மாற்றி வைத்துக் கட்டினால் வேறொரு சரம் கிடைக்கும். முதற்சரம் சுருளும், இரண்டாவது விறைத்து நேராக நிற்கும். முதலாவது மாவுச்சத்து, இரண்டாவது செல்லுலோஸ். நேராக நிற்கும் சங்கிலிகள் பக்கம் பக்கமாக நெருங்கிப் பிணைந்து கொள்வதால்தான் அவை செடிக்குச் சுவராக உதவுகின்றன. நம் உமிழ்நீரிலும் குடலிலும் சுரக்கும் நொதிகளுக்கு முதல் வகை முடிச்சை அவிழ்க்கத் தெரியும்; இரண்டாம் வகை தெரியாது. ஒரு விநோதம் என்னவென்றால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் டயாஸ்டேஸ் என்னும் நொதியை 1833-இல் பெர்சோ என்பவருடன் சேர்ந்து பிரித்தெடுத்த ஆன்செல்ம் பாயென் என்ற பிரெஞ்சு ரசாயனியே, ஐந்து ஆண்டுகள் கழித்து, அத்தகைய நொதிகளுக்கு வசப்படாத செல்லுலோஸையும் தாவரங்களிலிருந்து பிரித்துக் காட்டினார்.

இதை வீட்டிலேயே பிரத்யட்சமாகக் காணலாம். வெறும் சாதத்தை ஒரு கவளம் வாயிலிட்டு விழுங்காமல் மென்றுகொண்டேயிருந்தால் சிறிது நேரத்தில் தித்திப்புத் தட்டும்; உமிழ்நீர் மாவை அறுத்துச் சர்க்கரையாக்குவதே அந்தத் தித்திப்பு. பூக்கோசை அவ்வாறு மென்றால் முதலில் இருந்த மெல்லிய இனிப்பே தொடரும், ஏறாது. காயத்துக்கு இடும் அயோடின் டிங்சரில் ஒரு சொட்டைச் சாதத்தின்மீது விட்டால் அது கருநீலமாகும். மாவுச்சங்கிலியின் சுருளுக்குள் அயோடின் புகுந்து கொள்வதால் அந்நிறம் உண்டாகிறது. துருவிய பூக்கோசின்மீது விட்டால் பெரும்பாலும் டிங்சரின் பழுப்பே தங்கும். சொட்டு விட்டதை உண்ணாமல் கொட்டிவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் கேட்டவர்கள், பூக்கோசில் கலோரி குறைவாயிருப்பதற்குச் செல்லுலோஸ் முதலிய நார்ச்சத்தே காரணம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது நிலைக்கவில்லை. 100 கிராம் சாதம் தருவது 130 கலோரி. 100 கிராம் பூக்கோசு தருவது 25. இடையே உள்ள வித்தியாசம் 105. சாதத்தில் நீர் போக மிஞ்சும் திடப்பொருள் 32 கிராம், பூக்கோசில் 8 கிராம். அதாவது கால் பங்கு. பூக்கோசின் திடப்பொருள் முழுவதும் அரிசியைப் போலவே ஜீரணமாவதாக வைத்துக்கொண்டாலும், 130-இல் கால் பங்காகிய 32 அல்லது 33 கலோரியைத்தான் அது தரமுடியும். ஆகவே 105 கலோரி வித்தியாசத்தில் 97 அல்லது 98, அதிக நீரினால் மட்டுமே வந்தது. மீதமுள்ள ஏழெட்டுக் கலோரிதான் நாரின் கணக்கில் சேரும். அந்த நாரில் ஒரு பகுதி பெருங்குடலில் வாழும் கிருமிகளால் புளித்து நமக்குக் கொஞ்சம் சக்தியைத் திருப்பியும் தருகிறது. ஆக, அரிசிக்குப் பதிலாகப் பூக்கோசை இலையில் இடும்போது மாவுக்குப் பதிலாக நாம் வைப்பது பெரும்பாலும் நீரே.

அப்படியானால் சாதத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டால் போதாதோ என்ற கேள்வி எழுகிறது. நியாயமான கேள்விதான்; அதற்குப் பரிசோதனை மூலமாகவே விடை கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்ற அம்மையாரும் அவர் துணைவர்களும் 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 24 பெண்களுக்கு மதிய உணவுக்கு முன்னதாகக் கோழியும் அரிசியும் சேர்த்த ஒரு பண்டத்தை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: ஒரு நாள் வெறுமனே, ஒரு நாள் அதனோடு ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு நாள் அதே சாமான்களில் அதே அளவு தண்ணீரைச் சேர்த்துக் காய்ச்சிய சூப்பாக. மூன்றிலும் கலோரி ஒன்றே. பிறகு வந்த மதிய உணவை அவரவர் விருப்பம்போல் உண்ணவிட்டு அளந்தபோது, தண்ணீரைத் தனியே குடித்த நாளில் உண்டதற்கும் குடியாத நாளில் உண்டதற்கும் பேதமில்லை. சூப்பு அருந்திய நாளிலோ ஏறத்தாழ 100 கலோரி குறைவாக உண்டார்கள். உணவினுள் கலந்து நிற்கும் நீர் பசியைத் தணிக்கிறது; பக்கத்தில் நிற்கும் நீர் தணிப்பதில்லை. ஒரு கிராம் உணவுக்கு எத்தனை கலோரி என்பதைச் சக்திச்செறிவு என்று சொல்வோமானால், மனிதர் பெரும்பாலும் கலோரியை எண்ணாமல் உணவின் அளவை எண்ணியே எழுந்திருக்கிறார்கள் என்பதும், செறிவைக் குறைத்தால் அவர்கள் அறியாமலே சக்தி குறைந்துவிடும் என்பதும் இத்தகைய பரிசோதனைகளின் சாரம். நாரின் மெய்யான உபகாரம் இங்கேதான் வெளிப்படுகிறது. தான் ஜீரணமாகாதிருப்பதைக் காட்டிலும், தன் மெல்லிய சுவர்களுக்குள் அவ்வளவு நீரையும் சிந்தாமல் பிடித்து வைத்து, நம்மை மெல்லச் செய்து, அந்த நீரை உணவாக வயிற்றுக்கு அனுப்புவதே அதன் பெரிய வேலை.

சமையலின் சூட்சுமமும் இதிலேயே அடங்கியிருக்கிறது: நீரை உள்ளேயே நிறுத்தவேண்டும், வெளியே வந்ததை உடனே விரட்டவேண்டும். பூக்கோசைப் பெரிய கொத்துக்களாகப் பிரித்து, புழுவுக்காக நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதுபோல மஞ்சளும் உப்பும் சேர்த்த வெந்நீரில் சில நிமிஷம் போட்டெடுத்து, துணியில் பரப்பி ஈரம் அறவே போனபிறகே துருவவேண்டும். துருவிய பின் கழுவுவது கூடாது. காரட் துருவும் பெரிய கண்ணுள்ள துருவியே உத்தமம். மிக்ஸியானால் பாதிக்குமேல் நிரப்பாமல், விட்டு விட்டு இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்தவேண்டும். மணியின் குறுக்களவு பாதியானால் அதே எடைக்கு வெட்டுப்பட்ட பரப்பு இரட்டிப்பாகிறது. வெட்டுப்பட்ட ஒவ்வொரு செல்லும் தன் நீரைச் சிந்துகிறது. ஆசைப்பட்டு இன்னும் ஒரு சுற்று விட்டால் கையில் இருப்பது துவையல். துருவியதை மெல்லிய மல் துணியில் கட்டி லேசாக ஒற்றியெடுத்தால் போதும். முறுக்கிப் பிழிந்தால் உடையாமலிருந்த செல்களையும் உடைத்தவர்களாவோம்.

அகன்ற கனத்த இருப்புச்சட்டி வேண்டும், அது நன்றாகக் காய்ந்திருக்கவும் வேண்டும். 100 கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 54 கலோரி வெப்பம் தேவை. அறைச் சூட்டில் இருக்கும் முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அவ்வளவு வெப்பமே போதும். சின்ன வாணலியில் ஒரு முழுப் பூவின் துருவலைக் குவித்தால், வெளிப்படும் நீரை அடுப்பால் ஆவியாக்கி முடியாது. துருவல் தன் சாற்றிலேயே அவியத் தொடங்கிவிடும். காதைக் கொடுத்தால் இது தெரியும்: நீர் உடனுக்குடன் ஆவியாகும் வரை 'சொய்' என்ற ஓசை விடாமல் எழும்; ஓசை அடங்கி 'கொதகொத' என்றால் சட்டியில் குளம் கட்டிவிட்டது என்று அர்த்தம். ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இரண்டு தடவையாக வதக்குவதே நல்லது. மூடி வைக்கவே கூடாது. மூடியில் முட்டிய ஆவி நீராகி மறுபடி சட்டிக்கே வந்து சேரும். உப்பைக் கடைசியில்தான் போடவேண்டும். வெளியே உப்பு மிகுந்தால் செல்லின் சவ்வு வழியே உள்நீர் வெளியேறும். வெள்ளரிக்காயில் உப்பைத் தூவினால் நீர் விடுவதைக் கண்டவர்களுக்குச் சவ்வூடு பரவல் என்ற அந்த நியமத்தை விளக்கவேண்டியதில்லை.

நேரம் நாலைந்து நிமிஷமே. உஷ்ணம் 60 பாகையை ஒட்டும்போதே செல்களின் சவ்வு கெட்டு நீர் கசியத் தொடங்கும். ஆனால் செல்லையும் செல்லையும் ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை கரைவதற்கு அதைவிட மிகுந்த சூடும் நேரமும் வேண்டும். பச்சை வாசனை நீங்கி, பெக்டின் இன்னும் கரையாத அந்தக் குறுகிய இடைவேளையில் இறக்கினால் மணி மணியாக நிற்கும். புளி விட்டால் காய் வேகாது என்று நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் சொல்லிவருவது முற்றிலும் சரியான ரசாயனம். புளிப்பில் பெக்டின் எளிதில் கரைவதில்லை. இதனால் எலுமிச்சஞ்சாதம், புளியோதரை ஆகிய வகைகளுக்கே பூக்கோசு மிகவும் பொருந்துகிறது என்பது என் அபிப்பிராயம். அதிகம் வேகவைத்தால் எழும் அந்த நாற்றத்துக்குக் காரணம் கந்தகம் கலந்த பொருள்கள்; கடுகின் காரமும் அதே குடும்பத்துச் சொத்துத்தான்.

தாளிக்கும் எண்ணெய் விஷயத்தில் கை கட்டுப்பட்டிருக்க வேண்டும். 500 கிராம் பூக்கோசு முழுவதிலும் இருப்பது 125 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இருப்பது ஏறத்தாழ 120. முந்திரியும் நெய்யும் மணக்க மணக்கச் செய்து, கலோரி குறைந்த சாதம் என்று பேர் வைப்பவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள். சாம்பாரும் ரசமும் இதற்கு ஒத்துவருவதில்லை. சாதம் குழம்பை உறிஞ்சும், இது உறிஞ்சாமல் மிதக்கும். வற்றல் குழம்போ, கெட்டியான கூட்டோ ஆனால் பாதகமில்லை.

ஒரு காலத்தில் நம் விஞ்ஞானிகள் இதற்கு நேர்மாறான காரியத்தில் முனைந்திருந்தார்கள். அரிசித் தட்டுப்பாடு மிகுந்திருந்த 1950-களில், மைசூரில் புதிதாக நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில், வி. சுப்பிரமணியன் தலைமையில், மரவள்ளி மாவையும் நிலக்கடலை மாவையும் சேர்த்து அரிசி மணியின் உருவில் ஒரு செயற்கை அரிசியைத் தயாரித்தார்கள். அன்று தேடியது சக்தி நிரம்பிய போலி; இன்று தேடுவது சக்தியில்லாத போலி. வயலில் உழைப்பவருக்கும் வளரும் பிள்ளைக்கும் இன்றும் தேவை முன்னதே. அவர்கள் இலையில் பூக்கோசைச் சாதமென்று இடுவது அக்கிரமம். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் சாதத்தை ஒரேயடியாக மாற்றிவிடக் கூடாது. மருந்தின் அளவு உண்ணும் மாவுச்சத்தைக் கணித்து நிர்ணயிக்கப்பட்டதாகையால், மாவு குறைந்து மருந்து குறையாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும்.

முழுவதையும் மாற்றாமல் பாதிக்குப் பாதி கலப்பதே பெரும்பாலோருக்கு உகந்த வழியாகத் தோன்றுகிறது. ரோல்ஸ் குழுவினர் 2011-இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், பூக்கோசு முதலிய காய்களை மசித்து உண்பவர் அறியாதபடி உணவில் கலந்து செறிவைக் குறைத்தபோது, அவர்கள் உண்ட எடை குறையவில்லை, பசியும் கூடவில்லை, சக்தி மட்டும் குறைந்தது. 100 கிராம் சாதமும் 100 கிராம் பூக்கோசும் கலந்தால் 155 கலோரி; 200 கிராம் சாதத்துக்கு 260. அரிசியைச் சற்று விரைவிரையாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆவி போக ஆறவிட்டு, வதக்கிய பூக்கோசை அதன்மேல் தூவி, கரண்டிக் காம்பால் கிளறவேண்டும். சூடான சாதத்தோடு சேர்த்தால் ஆவி தாக்கிக் குழைந்துவிடும். தயிர் விட்டுப் பிசைவதானால் இலையில் இட்ட பிறகே பிசைந்துகொள்வது நல்லது, ஏனெனில் உப்பும் தயிரும் சேர்ந்த அரைமணிக்கெல்லாம் பூக்கோசு நீர் விடத் தொடங்கிவிடும்.